எதிரில் நிற்பவர்

தமிழ்நாட்டுக் குற்றவியல் நீதிமன்றங்களில் தமிழில் எழுதப்படும் தீர்ப்புகளைப் புரட்டினால், குற்றம் சாட்டப்பட்டவரை அவை 'எதிரி' என்று அழைப்பதைக் காணலாம். முதல் எதிரி, இரண்டாம் எதிரி என்று எண்ணிட்டு வரிசைப்படுத்துவதும் உண்டு. வழக்கறிஞர் நாவிலும் எழுத்தர் நாவிலும் அன்றாடம் புரண்டு புரண்டு அந்தச் சொல்லின் கூர் மழுங்கிப் போயிற்று. சட்டத்தில் முதல் பட்டம் படித்த காலத்தில் எனக்கும் அது உறைக்கவில்லை. அப்போது பிரிவுகளை மனப்பாடம் செய்வதே படிப்பு. கொலைக்கு 302, மோசடிக்கு 420. 2024 ஜூலை 1 அன்று பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபின் அவை 103 ஆகவும் 318 ஆகவும் மாறிவிட்டன. 1860-இல் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டத்தின் 511 பிரிவுகள் 358 ஆகச் சுருங்கின. எண்களை மட்டும் கற்றவர்களுக்கு அன்று பாதி அறிவு ஒரே இரவில் பழசாகிவிட்டது.

குற்றவியல் சட்டத்தில் முதுகலைப் படிப்புக்குச் சென்றபோது, பேராசிரியர் ஒருவர் முதல் வகுப்பிலேயே தீர்ந்துபோன கொலை வழக்கொன்றின் கட்டை, பெயர்களையெல்லாம் அழித்து, மேசைமேல் வைத்தார். நூற்கயிற்றால் கட்டிய கனத்த கட்டு. ஆளுக்கு ஒரு தாளை எடுத்துப் படிக்கச் சொன்னார். ஒருவர் முதல் தகவல் அறிக்கையை எடுத்தார். ஒருவர் பிரேதப் பரிசோதனை அறிக்கையை, இன்னொருவர் பார்வை மகஜரை, நான் ஒப்புதல் வாக்குமூலத்தை எடுத்துக்கொண்டோம். பெரும்பாலோர் தீர்ப்பைச் சூழ்ந்துகொண்டார்கள். பேராசிரியர் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "ஒரு தாளை மட்டும் யாருமே தொடலையே" என்று சொல்லிவிட்டு, அது எந்தத் தாள் என்று சொல்லாமலேயே வகுப்பை முடித்துவிட்டார். அதை நான் தேடிக் கண்டுகொள்ளப் பல மாதங்கள் ஆயின.

எடுத்த தாளிலிருந்தே தொடங்குகிறேன். காவல்துறை அதிகாரியிடம் ஒருவர் சொன்ன ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிரான சான்றாக நீதிமன்றம் ஏற்காது. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு அதைச் சொன்னது. இன்றைய பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 23-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. படிக்கும் எவருக்கும் முதலில் வியப்புத்தான் தோன்றும். குற்றம் செய்தவனே ஒப்புக்கொண்டபின் அதை ஏன் தள்ள வேண்டும்? அதுவும், தன் காவலரைத் தானே நம்ப மாட்டேன் என்று ஓர் அரசு சட்டமெழுதி வைப்பது எவ்வளவு விந்தை! விடை, நம் மண்ணிலேயே கிடக்கிறது. 1855-இல் சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளைப் பற்றி எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவர் அடங்கிய ஆணையம் ஓர் அறிக்கை தந்தது. நிலவரி கறக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் கையாண்ட முறைகள் அதில் பெயரோடு பதிவாகியிருக்கின்றன. ஒன்று கிட்டி: இரண்டு கழிகளுக்கிடையே விரல்களை வைத்து நெரிப்பது. மற்றொன்று அண்ணாந்தாள்: கழுத்தையும் கால்விரலையும் கயிற்றால் பிணைத்துக் குனிந்த நிலையிலேயே ஒருவரை வெயிலில் விட்டுவைப்பது. ஆங்கில அறிக்கைக்குள் அந்தத் தமிழ்ச் சொற்கள் ஒலிபெயர்ப்பாக நிற்கின்றன. அவற்றுக்கு ஈடான சொல் ஆள்வோரின் மொழியில் இல்லாமல் போயிருக்கலாம். அல்லது வலித்தவர்கள் சொன்ன சொல்லை அப்படியே எழுதுவதே நேர்மை என்று அந்த மூவருக்கும் தோன்றியிருக்கலாம்.

அந்த அறிக்கை ஒன்றே 25-ஆம் பிரிவைப் பெற்றெடுத்தது என்று நான் சொல்லவில்லை. 1861-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே அந்தத் தடை இருந்தது. வேறு மாகாணங்களிலிருந்து வந்த முறையீடுகளும் அதன் பின்னால் இருந்தன. ஆயினும் அந்தப் பிரிவை இனி எப்போது படித்தாலும், பெயர் தெரியாத ஓர் உழவனின் நெரிந்த விரல்கள் அந்த வரிகளுக்குக் கீழே இருப்பதை உணராமல் படிக்க முடியாது. தன் அதிகாரத்தைத் தானே ஐயுறுவது வலிமையுள்ளவர்களுக்கு இயல்பாக வருவதில்லை. யாரோ ஒருவர் தன் உடம்பால் விலை கொடுத்தபின், வெட்கத்தோடு, அரைமனதோடு அரசு அதைக் கற்றுக்கொள்கிறது. கற்றதைச் சட்டமாக எழுதி வைக்கிறது. எழுதியபின் அந்த விலை யாருக்கும் நினைவில் இல்லாமல் போகிறது. அந்த நினைவைத் தோண்டியெடுப்பதே இந்த மேற்படிப்பின் முதல் வேலை என்று நான் கருதுகிறேன்.

இந்த இடத்தில் 'எதிரி' என்ற சொல்லுக்குத் திரும்புவோம். எதிர் என்பதற்குப் பகை என்பது பின்னால் வந்து ஒட்டிய பொருள். முன்னால் இருப்பது, நேரே நிற்பது என்பதே அதன் அடி. எதிர்வீட்டுக்காரர் நமக்குப் பகைவர் ஆவதில்லை. அப்படியானால் குற்றவியல் வழக்கில் எதிரி எனப்படுபவர் எதிரில் நிற்பவர். யாருக்கு எதிரில்? அடிபட்டவருக்கோ, பொருளை இழந்தவருக்கோ எதிரில் என்று நாம் நினைக்கிறோம். வழக்கின் தலைப்பைப் பார்த்தால், ஒரு பக்கம் அரசு என்றும் மறுபக்கம் ஒரு மனிதரின் பெயரும் இருக்கும். காவல் நிலையங்கள், ஆய்வகங்கள், அரசு வழக்கறிஞர்கள், சிறைகள், கருவூலம் எல்லாம் ஒரு தட்டில். மறு தட்டில் அந்த ஒருவர். இப்படிப்பட்ட தராசில் நீதி நிலைகொள்ள வேண்டுமானால் இலேசான தட்டில் ஏதேனும் ஒன்றை வைத்தாக வேண்டும். நம் முன்னோர்களும் பிறநாட்டார் முன்னோர்களும் நெடுங்காலம் தடுமாறித் தேடி, கடைசியில் அங்கே வைத்தது ஐயம். நாளிதழ்களில் 'சந்தேகத்தின் பலன்' என்று ஒரு தொடராக வந்துபோவது அதுதான். போதிய ஆதாரமில்லை, விடுதலை என்று படிக்கும்போதெல்லாம் நமக்குள் ஒரு கசப்பு ஊறுகிறது. யாரோ தப்பிவிட்டதாகத் தோன்றுகிறது. அங்கே சட்டம் தோற்றது என்று முடிவு கட்டுவதற்கு முன், தனக்கு உறுதியாகத் தெரியாததைத் தெரியும் என்று சொல்ல ஓர் அரசு மறுத்த அரிய நொடி அது என்பதையும் நாம் எண்ணிப் பார்க்கலாம்.

ஆனால் ஐயம் என்பது தன்னளவில் நல்லதும் இல்லை, தீயதும் இல்லை. அது யார்மேல் விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1871-இல் வட இந்தியாவில் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைப் பக்கத்து மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றார்கள். ஒரு குலத்தில் பிறந்ததாலேயே ஒருவர் காவல் நிலையத்தில் ரேகை பதிக்க வேண்டும். செய்யாத குற்றத்துக்கு இரவெல்லாம் காவலர் கண்ணில் படும்படி கிடக்க வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் மக்கள் மறுத்து நின்றபோது துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947-இலும் நாடு முழுவதும் 1952-இலும் அச்சட்டம் ஒழிந்தது.

பல்கலைக்கழகத்தில் இதைப் படிக்கும்போது இன்னொரு வேதனையும் சேர்ந்து வந்தது. 1764-இல் சித்திரவதைக்கும் மரண தண்டனைக்கும் எதிராக நூல் எழுதிய பெக்காரியாவைக் குற்றவியல் சிந்தனையின் தந்தையருள் ஒருவராகப் போற்றுகிறோம். அவருக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின், அதே இத்தாலியில், அதே செசாரே என்ற முதற்பெயர் கொண்ட லொம்ப்ரோசோ என்ற மருத்துவர், மண்டையோட்டின் அமைப்பையும் தாடையின் அளவையும் வைத்துப் பிறவிக் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடலாம் என்று 1876-இல் நூல் வெளியிட்டார். அவரும் இந்தத் துறையின் தந்தையருள் ஒருவர். நம் குற்றப் பரம்பரைச் சட்டம் அவருடைய நூலுக்கு ஐந்தாண்டு மூத்தது. அதனால் அவரைப் பழி சொல்ல முடியாது. ஆனால் பிறப்பிலேயே குற்றம் ஊறியிருக்கிறது என்று ஆள்வோர் ஏற்கெனவே நம்ப விரும்பியதற்கு அறிவியலின் முத்திரை தேவைப்பட்ட காலத்தில், அறிவுலகம் தயங்காமல் அதை எடுத்துக் கொடுத்தது. ஐயுறக் கற்பிக்க வேண்டிய இடமே ஐயத்தை எளியவர் தலையில் சுமத்துவதற்கும் கற்பித்தது. ஒரு துறையைப் படிப்பவர் அதன் பெருமைகளோடு அதன் கறைகளையும் வாரிசாகப் பெறுகிறார். கறையை மறுப்பவருக்குப் பெருமையில் பங்கு கேட்கும் தகுதி இல்லை.

அதே அறிவுலகம் தன் கடனை ஓரளவு தீர்த்த ஒரு நிகழ்வையும் சொல்லியாக வேண்டும். 1972-இல் மகாராஷ்டிரத்தின் சந்திராபூர் மாவட்டத்தில், 14 முதல் 16 வயதுக்குள் இருந்த ஓர் ஆதிவாசிச் சிறுமி, காவல் நிலையத்துக்குள்ளேயே காவலர்களால் வன்கொடுமைக்கு ஆளானதாக முறையிட்டாள். அமர்வு நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. உயர் நீதிமன்றம் தண்டித்தது. 1978-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் விடுவித்தது. அவள் உடலில் காயமில்லை, அவள் கூச்சலிடவில்லை, ஆகவே அவள் இசைந்திருக்க வேண்டும் என்பது அங்கே மேலோங்கிய வாதம். சந்தேகத்தின் பலன் முறைப்படி அளிக்கப்பட்டது. இரவில், பூட்டிய காவல் நிலையத்தில், சீருடை அணிந்தவர்கள் முன் நின்ற ஏழைச் சிறுமியின் மௌனத்தின்மேல் முழு ஐயமும் கவிழ்ந்தது. எதிரில் நிற்பவர் யார் என்பதை நீதிமன்றம் தவறாக அடையாளம் கண்ட இடம் அது. குற்றக் கூண்டில் நின்றவர்கள் காவலர்களே. ஆனாலும் அதிகாரத்தின் எதிரில் தனியாக நின்றது அவள்.

1979 செப்டம்பரில் டெல்லியிலும் புனேயிலும் சட்டம் கற்பித்து வந்த நால்வர், உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தகம்வார், இந்தியத் தலைமை நீதிபதிக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். இசைவு வேறு, பணிவு வேறு. பணிந்தவரெல்லாம் இசைந்தவர் ஆவதில்லை என்பது அதன் சாரம். வகுப்பறையில் தீர்ப்புகளை அலசி மாணவருக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தவர்கள், நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தின் விடைத்தாளைத் திருத்தினார்கள் என்றே எனக்குத் தோன்றும். அந்தத் தீர்ப்பு மாறவில்லை. தெருவில் பெண்கள் இயக்கங்கள் எழுந்தன. 1983-இல் சட்டம் மாறியது. காவலில் நடக்கும் வன்கொடுமை வழக்குகளில், உறவு நடந்தது மெய்ப்பிக்கப்பட்டு, நான் இசையவில்லை என்று அந்தப் பெண் சொன்னால், நீதிமன்றம் அவளை நம்பியே தொடங்க வேண்டும் என்ற பிரிவு வந்தது. பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடக் கூடாது என்ற பிரிவும் அதே திருத்தத்தில்தான் வந்தது. அதற்குள் அந்தச் சிறுமியின் பெயர் நாடெங்கும் பரவி, அந்த வழக்குக்கே பெயராகிவிட்டிருந்தது. தன்னால் பிறந்த பாதுகாப்பு தனக்குக் கிடைக்காத ஒருத்தியை நாம் இங்கேனும் பெயர் சொல்லாமல் விடுவோம்.

விந்தையாக, அதே 1979-இல்தான் பீகார்ச் சிறைகளின் கதவும் திறந்தது. தாங்கள் குற்றம் செய்ததாக உறுதியானால் அடையக்கூடிய தண்டனையைவிட அதிக காலம், விசாரணையே இல்லாமல் அடைபட்டிருந்தவர்களுக்காக வழக்கறிஞர் கபிலா ஹிங்கோராணி உச்ச நீதிமன்றம் சென்றார். விரைவான விசாரணை வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. அமெரிக்க ஆய்வாளர் மால்கம் ஃபீலி, ஒரு சிறு நகரின் கீழமை நீதிமன்றத்தை நெடுநாள் கவனித்து, வழக்கு நடப்பதே தண்டனையாகிவிடுகிறது என்று நூல் எழுதியதும் அதே ஆண்டில். இன்று நாம் எங்கே நிற்கிறோம்? 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். குற்றவாளிகள் என்று இன்னும் யாராலும் தீர்மானிக்கப்படாதவர்கள். முன்பு எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாத விசாரணைக் கைதி, மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றமாக இல்லாவிட்டால், உச்ச தண்டனையின் மூன்றிலொரு பங்கைச் சிறையில் கழித்ததும் பிணையில் விடப்பட வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 479-ஆம் பிரிவு சொல்கிறது. பிரிவு இருக்கிறது. அது எட்டாத அறைகளில் மனிதர்களும் இருக்கிறார்கள்.

இவர்களை அங்கே வைத்திருப்பது நீதிமன்றங்களின் தாமதம் மட்டும்தானா என்று கேட்டால், நாம் கண்ணாடியைப் பார்க்க வேண்டிவரும். 2019 டிசம்பர் 6 விடியற்காலையில் ஹைதராபாத் அருகே, பெண்ணொருவர் கொடிய வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்ட வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட நால்வர் காவலர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மக்கள் காவலர்கள்மேல் பூத் தூவினார்கள். நாம் பலர் வீட்டில் இருந்தபடியே மனத்துக்குள் தூவினோம். 2022-இல், உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், கொல்லும் நோக்கத்தோடே வேண்டுமென்று சுட்டார்கள் என்று அறிக்கை தந்தது. அந்த நால்வரும் குற்றம் செய்தார்களா என்பதை இனி எந்த நீதிமன்றமும் விசாரித்துச் சொல்ல இயலாது. அன்று நமக்குள் எழுந்த சினம் பொய்யில்லை. அந்தப் பெண்ணுக்காக எழுந்தது அது, மதிக்கத்தக்கது. ஆனால் சினம், எவ்வளவு நியாயமாக இருந்தாலும், தன்னை ஐயுறாத ஒன்று. தன்னை ஐயுறாத எதன் கையிலும் ஓர் உயிரை ஒப்படைக்க முடியாது என்பதற்காகவே மனிதர்கள் பழிவாங்கும் உரிமையை விட்டுக்கொடுத்து, அதை வழக்காகவும் சாட்சியாகவும் குறுக்கு விசாரணையாகவும் மேல்முறையீடாகவும் நீட்டி, நீட்டி, சினம் ஆறும் வரையும் உண்மை தெளியும் வரையும் காத்திருக்கும் இந்த நெடிய, களைப்பூட்டும், குறைகள் மலிந்த ஏற்பாட்டைக் கட்டினார்கள்.

காத்திருப்பதில் ஏன் இவ்வளவு அக்கறை? பாண்டியன் நெடுஞ்செழியன் கதையை நாம் குழந்தைப் பருவத்திலிருந்து கேட்டு வருகிறோம். கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும் அவன் தன்னையே கள்வன் என்று உணர்ந்து உயிர்விட்டான். அதற்காக அவனை நாம் போற்றுகிறோம். அரசன் ஒருவன் தன்னை ஐயுற்றான், தன்மேல் தானே தீர்ப்புச் சொன்னான். ஆனால் எந்த ஐயம் அரசவையில் கண்ணகி முன்னால் எழுந்ததோ, அது அதற்கு முன்பே பொற்கொல்லன் முன்னால் எழுந்திருந்தால் கோவலன் உயிரோடு இருந்திருப்பான். அரண்மனைக்கு வேண்டியவனின் சொல்லை ஐயமின்றி ஏற்று, ஊருக்குப் புதியவனை ஐயுற்றதுதான் அவன் செய்த பிழை.

இது காப்பியத்தோடு முடிந்த கதையாக இருந்தால் நன்றாக இருக்கும். 1980-இல் பச்சன் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிபதி பகவதி மாறுபட, மரண தண்டனையை நிலைநிறுத்தியது. ஆனால் அரிதினும் அரிதான வழக்குகளில் மட்டும், குற்றத்தோடு குற்றவாளியின் வாழ்க்கையையும் எடைபோட்டபின் என்று வரம்பிட்டது. 1990-களின் நடுவில் உச்ச நீதிமன்றத்தின் சிறிய அமர்வொன்று, குற்றத்தின் கொடுமையைப் பார்த்தால் போதும், குற்றவாளியின் நிலையைப் பார்க்க வேண்டியதில்லை என்ற போக்கில் ராஜஸ்தானைச் சேர்ந்த ஒருவரின் மரண தண்டனையை உறுதிசெய்தது. 1996-இல் அவர் தூக்கிலிடப்பட்டார். 2009-இல் அதே உச்ச நீதிமன்றம், வேறொரு வழக்கில், அந்த முந்தைய தீர்ப்பு பச்சன் சிங் வகுத்த நெறியைக் கவனியாமல் வழங்கப்பட்டது என்று ஒப்புக்கொண்டது. அதைப் பின்பற்றி வேறு பலருக்கும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. 2012-இல் ஓய்வுபெற்ற நீதிபதிகள் 14 பேர், எஞ்சியவர்களின் தண்டனையைக் குறைக்கும்படி குடியரசுத் தலைவருக்கு எழுதினார்கள். தவறை ஒப்புக்கொள்ளும் நேர்மை அந்த நீதிமன்றத்துக்கு இருந்தது. தலைவணங்க வேண்டிய நேர்மை அது. பதின்மூன்று ஆண்டு பிந்தி வந்தது. உயிரைத் திருப்பித் தர முடியாத எந்தக் கையும், உயிரை எடுப்பதற்கு முன்பே, இன்னொருவர் சிலம்பை உடைத்துக் காட்டும் வரை காத்திராமல், தன்னைத்தானே ஐயுற்று முடித்திருக்க வேண்டும் என்பதை மதுரையிலிருந்து டெல்லி வரை, காப்பியத்திலிருந்து சட்ட அறிக்கைகள் வரை, இத்தனை நூற்றாண்டுகள் கடந்தும் நாம் மறுபடி மறுபடி இறந்தவர்களிடமிருந்தே கற்றுக்கொண்டிருக்கிறோம்.

அந்த 2009 தீர்ப்பைப் படித்த நாளில்தான் பேராசிரியர் சொல்லாமல் விட்ட தாள் எது என்று எனக்குப் புரிந்தது. மறுநாள் துறை நூலகத்தில் அந்தக் கட்டை மீண்டும் கேட்டு வாங்கினேன். தீர்ப்புக்குச் சற்று முன்னால், இரண்டு கனத்த சான்றாவணங்களுக்கு இடையில், அரைப் பக்கத்துக்கும் குறைவாக எழுதிய ஒரு தாள் இருந்தது. 1973-ஆம் ஆண்டு நடைமுறைச் சட்டம் புதிதாகக் கொண்டுவந்த ஏற்பாடு அது. குற்றம் உறுதியானபின், தண்டனையைப் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று நீதிபதி அந்த மனிதரை நேராகக் கேட்டாக வேண்டும். கட்டு முழுவதிலும் எதிரி நீதிமன்றத்தின் முன் தன் வாயால் பேசிய இடங்கள் இரண்டுதான். ஒன்று, சாட்சிகள் சொன்னதையெல்லாம் எடுத்துச் சொல்லி நீதிமன்றம் கேட்ட கேள்விகளுக்கு அவர் அளித்த விடைகள்: பொய், பொய், தெரியாது, பொய் என்று கீழ்நோக்கி இறங்கும் ஒரு பட்டியல். மற்றொன்று இந்தத் தாள். வயதான தாய் இருக்கிறார், சிறு பிள்ளைகள் இருவர், வேறு ஆதரவு கிடையாது, குறைந்த தண்டனை வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி கேட்ட நாளும், விடை சொன்ன நாளும், தண்டனை விதித்த நாளும் ஒன்றே. தாயின் பெயரோ, பிள்ளைகளின் வயதோ, இது உண்மைதானா என்று யாரும் விசாரித்த குறிப்போ அந்தத் தாளில் இல்லை. தாளின் அடியில் இடதுகைப் பெருவிரல் ரேகை ஒன்று, மை அதிகமாகி, வரிகள் தெரியாமல் கறுத்துக் கிடந்தது.